வயதான அப்பாவுக்கு ஒரே நாளில் காரில் பினாங்குத் தீவைச் சுற்றிக் காட்ட முடியுமா? நிபோங் திபாலிலிருந்து எந்த வழி நல்லது?

தாராளமாக முடியும். நானும் நிபோங் திபால்காரிதான், அப்பாவோடு போய் வந்த வழியையே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. கோயிலை வலம் வருவதுபோல, தீவை உங்கள் வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சுற்றுங்கள். பத்து மாவுங், தெலுக் கும்பார், பாலிக் புலாவ், தெலுக் பஹாங், பத்து பெரிங்கி, ஜார்ஜ் டவுன் என்ற வரிசை. நம் மலேசியாவில் ஓட்டுநர் வலப்பக்கம், அப்பா இடப்பக்கம். இந்தத் திசையில் போனால் கடல் வரும் இடங்களில் எல்லாம் அது அப்பாவின் ஜன்னலில்தான் வரும். எதிர்த்திசையில் போனால் நாள் முழுக்க உங்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு வருவார், கழுத்து வலிதான் மிச்சம்.

எங்கள் அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். கலிடோனியா, பைராம், டிரான்ஸ்கிரியான் என்று சுற்றிலும் தோட்டங்களாக இருந்த ஊர் இது என்பது உங்களுக்கே தெரியும். அந்தத் தலைமுறைக்குப் பினாங்கு என்றால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில், தீபாவளித் துணிக்கு லிட்டில் இந்தியா, உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரி. எல்லாமே தீவின் கிழக்குப் பக்கம். "பினாங்குதானே, பார்க்காத இடமா" என்பார்கள். மேற்குப் பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வராது. அதனால் பின்புறத்தைக் காலையில் வையுங்கள், உடம்பில் தெம்பு இருக்கும்போதே.

பெருநிலக் கரையிலுள்ள பத்து காவானிலிருந்து தீவுக்குப் போகும் இரண்டாவது பாலம் ஏறுங்கள். 2014இல் திறந்தது, மொத்த நீளம் 24 கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் கடலுக்கு மேல். டோலில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். பாலத்தில் போகும்போது வலப்பக்கம் தீவுக்கரையை ஒட்டிக் காடு மூடிய சின்னத் தீவு ஒன்று தெரியும். அதுதான் ஜெரஜாக். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த தோட்டத் தொழிலாளிகளைக் கரை இறக்குமுன் நோய் இருக்கிறதா என்று பார்க்க அங்கேதான் தடுத்து வைத்திருந்தார்கள். எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். 1938இல் இந்திய அரசு தொழிலாளிகளை அனுப்புவதை நிறுத்துவதற்கு முன்னால் நடந்தது. தாத்தா சொன்ன கதைகளை அப்பா அந்தப் பாலத்தில்தான் எடுத்துவிட்டார். மண்டபத்தில் படுத்தது, ஊசி போட்டது, பருப்பில்லாத சோறு. வீட்டில் ஒருநாளும் இவ்வளவு சொன்னதில்லை. பாலத்தில் வண்டியை நிறுத்த முடியாது. ஜெரஜாக்கை நின்று பார்க்க ஆசைப்பட்டால் திரும்பும்போது குவீன்ஸ்பே கடற்கரைச் சாலைக்குப் போங்கள், நேர் எதிரே தெரியும்.

தெலுக் கும்பாரில் பசியாறிவிட்டு மலையேறினால் பாலிக் புலாவ். இங்கே அவசரப்படாதீர்கள். டுரியான், சாதிக்காய், கிராம்பு எல்லாம் மலைச்சரிவில் கலந்து நிற்கும். சாதிக்காயும் கிராம்பும் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மொலுக்காஸ் பக்கமிருந்து கன்று கொண்டுவந்து தீவில் பயிரிட ஆரம்பித்தவை. சுற்றுலாப் பயணிகள் இதையெல்லாம் "பச்சைப் பசேல்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு ஒவ்வொரு மரமும் ஒரு பேச்சு. டுரியான் மரத்தடியில் பழம் தரையில் விழாமலிருக்க வலை கட்டியிருந்ததைப் பார்த்து, "மரத்துக்கு ஊஞ்சல் கட்டியிருக்கான் பாரும்மா" என்றார். அப்புறம் ஓரமாக நின்ற நாலைந்து பழைய பால்மரங்களைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி வெட்டுத் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரொம்ப ஆழமா வெட்டியிருக்கான், கட்டையில பட்டிருக்கு. இவன் எங்க தண்டல்கிட்ட மாட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று யாரோ முகம் தெரியாத ஆளைத் திட்டினார் (தண்டல் என்றால் தோட்டத்தில் வேலை வாங்கும் மேற்பார்வையாளர்). எனக்கு அன்றைய நாளின் சிறந்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்காது.

மதியத்துக்குப் பாலிக் புலாவ் சந்தைப் பக்கம் லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பு. கெம்போங் மீன் போட்ட புளி லக்சாவும் உண்டு, தேங்காய்ப்பால் சேர்த்த சயாம் லக்சாவும் உண்டு. அப்பா வெள்ளிக்கிழமை சைவம் என்றால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள், பாதிச் சுகம் போய்விடும்.

பாலிக் புலாவிலிருந்து தெலுக் பஹாங் வரை சாலை வளைந்து வளைந்து போகும். தலைசுற்றல் உள்ளவர் என்றால் சாப்பிட்ட கையோடு ஏறாதீர்கள், அரைமணி நேரம் உட்காரட்டும். நடுவில் தித்தி கெராவாங்கில் பழக்கடைகள் இருக்கும், சாதிக்காய்ச் சாறு குடிக்கலாம். மலை இறங்கியதும் தெலுக் பஹாங் அணைக்கட்டு.

வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, மசாலாச் செடித் தோட்டம் எல்லாம் அதற்கப்புறம் வரும். நல்ல இடங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் முட்டி வலி உள்ளவரைச் சீட்டு வாங்கி உள்ளே நடக்கவைத்தால், "இவ்வளவு காசா" என்பதிலேயே அவர் மனம் நிற்கும். நாங்கள் எதற்கும் இறங்கவில்லை. பத்து பெரிங்கி கடற்கரையும் வண்டியிலிருந்தே பார்த்ததுதான்.

ஜார்ஜ் டவுனுக்கு மாலையில் போய்ச் சேர்வதுபோல வைத்துக்கொள்ளுங்கள். குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் மதியத்தில் நடை சாத்தியிருக்கும், மாலையில்தான் திறக்கும். 1833இல் கட்டியது, தரைமட்டத்திலேயே கும்பிடலாம். தண்ணீர்மலை உச்சிக் கோயிலுக்கு 513 படி. அதைக் கீழேயிருந்தே கும்பிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

திரும்பும்போது உங்கள் அப்பா நிச்சயம் பெரியில், அதாவது கடலைக் கடக்கும் படகில், போகலாம் என்பார். எங்கள் அப்பாவும் கேட்டார். 2021இலிருந்து பெரியில் கார் ஏற்றுவதில்லை. இப்போது ஓடும் புதிய பெரிகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான். ஆகவே பாலம்தான் வழி. பெருநிலத்துக்குத் திரும்ப டோல் கிடையாது, தீவுக்குப் போகும்போது மட்டும்தான் வாங்குகிறார்கள். வேலை நாளாக இருந்தால் ஆபீஸ் விடும் நேரத்தில் முதல் பாலத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். லிட்டில் இந்தியாவில் ஒரு தே தாரேக் குடித்து, அவருக்கு இரவு மருந்தையும் அங்கேயே கொடுத்துவிட்டு, எட்டு மணிக்கு மேல் கிளம்புங்கள்.