சின்ன ஊர் ஏர்போர்ட்டை ஓட்டி வளர்க்க முடியுமா? சேலத்துல ஏன் நின்னு நின்னு போச்சு, தூத்துக்குடி மட்டும் எப்படி நிலைச்சுது?

கேள்வி கேட்டவரு சேலத்தையும் தூத்துக்குடியையும் சேர்த்து கேட்டது நல்லதா போச்சு, ஏன்னா ரெண்டும் ஏறக்குறைய ஒரே வயசு. தூத்துக்குடி வாகைக்குளம் 1992, சேலம் காமலாபுரம் 1993. ரெண்டுலயும் முதல்ல வந்த சர்வீஸ் நிலைக்கல, ரெண்டும் வருஷக்கணக்கா சும்மா கெடந்துச்சு, ரெண்டுலயும் கிங்ஃபிஷர் வந்துட்டு போச்சு. ஆனா இன்னைக்கு ரெண்டும் வேற வேற எடத்துல நிக்குது.

நான் சில வருஷம் கிரவுண்ட் ஹேண்ட்லிங் வேலையில, அதாவது ஃப்ளைட் தரையில நிக்கிற நேரத்துல பெட்டி, பயணி எல்லாம் பாத்துக்கிற வேலையில இருந்தேன், தெற்குப் பக்கம் ஒரு சின்ன ஏர்போர்ட்ல. எந்த ஊரு எந்த கம்பெனின்னு வேண்டாம். அங்க பார்த்ததை வச்சு சொல்றேன்.

நம்ம ஆளுங்க ஏர்போர்ட்னா டெர்மினல் கட்டடத்தைத்தான் பாக்குறாங்க. கண்ணாடி, ஏசி, முகப்புல கோபுர டிசைன், அவ்ளோதான். ஆனா ஒரு ஏர்லைன்ஸ்காரன் வந்தா அவன் கேக்குறது ரன்வே நீளம் என்ன, ராத்திரி இறங்க முடியுமா, இங்கேருந்து சீட்டு ரெண்டு பக்கமும் நிறையுமா, இந்த மூணுதான்.

ரன்வேயை எடுத்துக்கோங்க. தூத்துக்குடியில ரொம்ப வருஷமா இருந்தது சுமார் 1350 மீட்டர். ஏ.டி.ஆர். 72 மாதிரி விசிறி வச்ச விமானம் ஃபுல் லோடோட கிளம்ப நல்ல குளிர்ச்சியான நாள்லயே கிட்டத்தட்ட அந்த நீளம் வேணும், நம்ம ஊர் சித்திரை வெயில்ல காத்து லேசாகிடும், எறக்கைக்கு தூக்குற சக்தி குறையும், எஞ்சினும் அதே பவர் குடுக்காது, அப்ப என்ன பண்ணணும், வெயிட்டை குறைக்கணும். பெட்டியை விட்டுட்டு போகணும் இல்லன்னா நாலஞ்சு சீட்டை விக்காமலே பறக்கணும். நல்ல டிமாண்ட் இருக்கிற மத்தியான ஃப்ளைட்ல இப்படி சீட்டை காலியா விடுறது எவ்ளோ வயித்தெரிச்சல்னு ஸ்டேஷன் மேனேஜர் மூஞ்சியைப் பார்த்தா தெரியும். பயணிக்கு இது புரியாது, 'சீட்டு காலியாத்தான இருக்கு, ஏன் டிக்கெட் இல்லங்குறீங்க'ன்னு கவுண்டர்ல சண்டை போடுவாங்க.

அதனாலதான் தூத்துக்குடியில நடந்ததுலயே பெரிய விஷயம் 2025 ஜூலை 26ல பிரதமர் திறந்து வச்ச டெர்மினல் இல்ல, ரன்வே 3115 மீட்டர் ஆனதுதான்னு நான் சொல்லுவேன். மொத்தம் சுமார் 450 கோடி செலவு, டெர்மினல் 17,340 சதுர மீட்டர், வருஷத்துக்கு 20 லட்சம் பேர் தாங்கும்னு கணக்கு, எல்லாம் சரி. ஆனா ஏர்பஸ் 321 இறங்குற நீளம் வந்ததுதான் அடுத்த முப்பது வருஷத்துக்கான சொத்து. அதுக்கு நிலம் எடுத்துக் குடுத்தது மாநில அரசு. சேலத்துல ரன்வே 1806 மீட்டர்ல நிக்குது, நீட்டணும்னா காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி பக்கம் விவசாய நிலம் எடுக்கணும், அங்க மக்கள் ஒத்துக்கல. அவங்க மேல தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல. தண்ணி பாயுற நிலத்தை வச்சிருக்கிறவன்கிட்ட போய், நீ ஆயுசுக்கும் ஏறப்போறதில்லாத ஃப்ளைட்டுக்கு வயலைக் குடுன்னா எப்படி குடுப்பான்?

சரி, ரன்வே சின்னதா இருந்தா ஏர்போர்ட்டே ஓடாதான்னா, ஓடும். ஏ.டி.ஆர். சின்ன ஊருக்குன்னே செஞ்ச வண்டி. பின்பக்க கதவைத் தொறந்தா அதுலயே படிக்கட்டு இருக்கு, நீங்க ஏணி வண்டி வாங்க வேண்டாம். தரையில கரண்டு குடுக்குற வண்டி இல்லன்னாலும் பரவால்ல, வலது பக்க எஞ்சினை விசிறி சுத்தாம பிரேக் போட்டு நிறுத்திட்டு எஞ்சினை மட்டும் ஓட விட்டு உள்ள கரண்டும் ஏசியும் எடுத்துக்குவாங்க, ஓட்டல் மோடுன்னு பேரு. வண்டி வந்து நின்னதும் நாங்க செய்ற முதல் வேலைகள்ல ஒண்ணு வால்பக்கம் அடியில ஒரு கம்பியை முட்டுக் குடுக்குறது. ஏன்னா ஆளுங்க எல்லாம் பின்னாடி வழியா ஏறுவாங்க, பெட்டி முன்னாடி ஏத்துவோம், முன்னாடி காலியா இருக்குற நேரத்துல பின்னாடி கூட்டம் சேர்ந்தா வண்டி வாலைத் தரையில குத்திடும். இந்த முட்டுக்கம்பியை கிளம்புறதுக்கு முன்னாடி எடுத்தாச்சான்னு ஒருத்தர் கண்ணால பார்த்து கையைக் காட்டணும். இப்படி எல்லா வேலையும் அரை மணி நேரத்துக்குள்ள முடிச்சு அனுப்புவோம், செக்-இன் கவுண்டர்ல உங்களுக்கு போர்டிங் பாஸ் குடுத்த அதே பையன் கொஞ்ச நேரம் கழிச்சு ஃப்ளைட்டுக்குப் பக்கத்துல உங்க பெட்டியை எண்ணிக்கிட்டு நிப்பான். ஆள் கம்மியா வச்சு ஒருத்தனே நாலு வேலை தெரிஞ்சுக்கிறதுலதான் சின்ன ஏர்போர்ட் செலவு அடங்கும்.

ஆனா அடங்காத செலவுன்னு ஒண்ணு இருக்கு. நாளைக்கு ஒரு ஃப்ளைட் வந்தாலும் சரி இருபது வந்தாலும் சரி, தீயணைப்பு வண்டியும் ஆளும் தயாரா நிக்கணும், அலாரம் கேட்டதுலேருந்து மூணு நிமிஷத்துக்குள்ள ரன்வேயோட எந்த மூலைக்கும் போய் தண்ணி அடிக்கணும், அது உலக விதி. டவர்ல ஆள், போலீஸ் இல்லன்னா சி.ஐ.எஸ்.எஃப்., ஸ்கேனர், ரன்வே லைட்டு, புல்லு வெட்டுறது. புல்லு வெட்டுறது சாதாரண வேலைன்னு நினைக்காதீங்க, மழைக்கு அப்புறம் பூச்சி கெளம்பும், பூச்சிக்கு கொக்கும் மைனாவும் வரும், மயில் வேற. ஃப்ளைட் வர்றதுக்கு முன்னாடி ஜீப் எடுத்துட்டு ரன்வே முழுக்க ஒரு ரவுண்டு போய், பறவை விரட்ட வெடி போட்டு, கல்லு ஆணி எதாவது கெடக்கான்னு பார்த்துட்டு வரணும், நாய் படுத்து தூங்கிட்டு இருந்த நாளும் உண்டு.

வருமானம்? இது நிறைய பேருக்கு தெரியாது. நம்ம நாட்டுல 80 சீட்டுக்கு கம்மியான உள்நாட்டு ரெகுலர் ஃப்ளைட்டுக்கு லேண்டிங் கட்டணமே கிடையாது. இண்டிகோ ஏ.டி.ஆர்.ல 78 சீட்டு. ஆக சின்ன ஏர்போர்ட்டுக்கு வர்ற வண்டில முக்காவாசி இறங்குறதுக்கு அஞ்சு பைசா குடுக்காது. மிச்சம் இருக்கிறது பயணிகிட்ட வாங்குற கட்டணம், கார் பார்க்கிங், டீக்கடை வாடகை, விளம்பர போர்டு. இதை வச்சு ஃபயர் ஸ்டேஷன் சம்பளம்கூட வராது. ஏர்போர்ட் அத்தாரிட்டி நடத்துறதுல பெரும்பாலானது நஷ்டம்தான், பெரிய ஊர்ல வர்ற காசுல சின்ன ஊர் ஓடுது. இதுல எனக்கு வெக்கப்பட ஒண்ணும் தெரியல, மலைக் கிராமத்துக்கு போற கவர்மெண்ட் பஸ்ஸும் அப்படித்தான் ஓடுது.

இப்ப உடான் திட்டத்துக்கு வருவோம், சேலம் கதை அங்கதான். சின்ன ஊருக்கு ஃப்ளைட் விட மத்திய அரசு 2016ல கொண்டுவந்த மானியத் திட்டம், 2017 ஏப்ரல்ல முதல் ஃப்ளைட். ஏர்லைன்ஸ் ஏறக்குறைய பாதி சீட்டை கட்டுப்பாட்டு விலையில விக்கணும், ஆரம்பத்துல அது ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2500 ரூபாய் மாதிரி இருந்துச்சு, அதுல விழுற துண்டை அரசாங்கம் மூணு வருஷம் நிரப்பும், அந்த ரூட்ல வேற யாரும் போட்டிக்கு வர முடியாது. சேலத்துக்கு ட்ரூஜெட்ங்கிற ஏர்லைன்ஸ் 2018 மார்ச்ல சென்னையிலேருந்து வந்துச்சு, மூணு வருஷம் ஓடுச்சு, 2021ல நின்னுபோச்சு. அப்புறம் 2023 அக்டோபர்ல அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தப்புறம்தான் மறுபடி உயிர் வந்துச்சு. சேலம் மட்டும் இல்ல, அரசாங்கக் கணக்கைத் தணிக்கை பண்ற சி.ஏ.ஜி. 2023ல குடுத்த ரிப்போர்ட்டைப் பாருங்க. குடுத்த 774 ரூட்ல 403 ஆரம்பிக்கவே இல்ல, ஆரம்பிச்ச 371ல 112தான் மூணு வருஷம் முழுசா ஓடுச்சு, மானியம் முடிஞ்சப்புறமும் தொடர்ந்து ஓடுனது வெறும் 54. அமெரிக்காக்காரன் சின்ன ஊருக்கு 1978லேருந்து இன்னைக்கு வரைக்கும் மானியம் குடுத்துட்டே இருக்கான், நாம மூணு வருஷத்துல சொந்தக் கால்ல நில்லுன்னா எப்படி?

மானியத்தைத் தாண்டி சேலத்துக்கு வேற ஒரு பிரச்சனை இருக்கு, அதுதான் என் பதில்ல முக்கியமான இடம். சேலத்துலேருந்து சென்னை 340 கிலோமீட்டர் சொச்சம். கார்ல அஞ்சரை ஆறு மணி நேரம், ட்ரெயின் ஏகப்பட்டது. ஃப்ளைட்ல போகணும்னா வீட்டுலேருந்து காமலாபுரம் போகணும், ஒரு மணி நேரம் முன்னாடி நிக்கணும், ஒரு மணி நேரம் பறக்கணும், மீனம்பாக்கத்துலேருந்து டவுனுக்குள்ள போகணும். மிச்சம் ரெண்டு மணி நேரம். அதுக்கு யாரு எவ்ளோ குடுப்பாங்க? தூத்துக்குடிக்கு சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல, முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல ஏறுனா ஒரு ராத்திரி முழுக்க. பக்கத்து பெரிய ஏர்போர்ட்டுன்னா மதுரை, அது கார்ல ரெண்டரை மணி நேரம். அந்த தூரம்தான் தூத்துக்குடியைக் காப்பாத்துச்சு, 2006ல ஏர் டெக்கான் வந்ததுலேருந்து கம்பெனி மாறுனாலும் கூட்டம் மாறல. துறைமுகத்து ஆளுங்க, திருநெல்வேலி டாக்டருங்க, கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம் வர்ற இன்ஜினியருங்க, திருச்செந்தூர் போறவங்க. இப்ப வின்ஃபாஸ்ட் கார் ஃபேக்டரி 2025 ஆகஸ்ட்ல திறந்தாச்சு, குலசேகரப்பட்டினம் ராக்கெட் தளம் வேற வருது. வர்ற வழியில வல்லநாடு பாலத்துல மாட்டிக்கிட்டு நெல்லைக்காரங்க ஃப்ளைட்டைத் தவற விடுறது மட்டும் நிக்கவே மாட்டேங்குது.

அதனால சேலம் சென்னைக்கு பறக்குறதை விட ஹைதராபாத், கொச்சி பறக்குறதுதான் அதுக்கு சோறு போடும். பாண்டிச்சேரியும் அப்படித்தான், ரன்வே 1500 மீட்டர், சென்னை மூணு மணி நேரத்துல இருக்கு, சென்னைக்கு ஃப்ளைட் விட்டா யாரு ஏறுவா? அங்க ஓடுறது பெங்களூரு, ஹைதராபாத். 2024ல கொஞ்ச மாசம் ஒண்ணுமே இல்லாம கெடந்து டிசம்பர்ல மறுபடி ஆரம்பிச்சாங்க.

அடுத்தது டைம். காலையில ஏழு மணிக்கு கிளம்பி ராத்திரி எட்டுக்கு திரும்பி வர்ற மாதிரி இருந்தா வியாபாரி ஏறுவான், ஓட்டல் ரூம் செலவு மிச்சம். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஒரே ஒரு ஃப்ளைட்டுன்னா போற நாளும் வீண் வர்ற நாளும் வீண், கார் எடுத்துட்டு போயிடுவான். ஆனா அந்த காலை-ராத்திரி டைம் வேணும்னா ரன்வே லைட்டு, டவர் நேரம் நீட்டிப்பு, ராத்திரி வண்டி நிறுத்த இடம் எல்லாம் வேணும். நாங்க இருந்த இடத்துல ஃப்ளைட் லேட்டானா டவர் நேரத்தை நீட்டிக்கச் சொல்லி ஃபோன் மேல ஃபோன் போட்டுட்டு இருப்போம், இருட்டுறதுக்குள்ள வண்டி வந்து கிளம்பலன்னா அன்னைக்கு கதை முடிஞ்சுது.

நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதுதான் ஏர்போர்ட் வளர்றதுக்கு உரம். ஒரு தடவை ஒரு கம்பெனி, பேர் வேண்டாம், வேற பெரிய ரூட்டுக்கு வண்டி பத்தலன்னு எங்க ஃப்ளைட்டைத் தூக்கி அங்க போட்டுட்டாங்க, நாங்க உக்காந்து ஒவ்வொரு பயணிக்கா ஃபோன் பண்ணி கேன்சல்னு சொன்னோம். அதுல ஒரு அம்மா, தூக்குறதுக்கு முன்னாடி அண்ணன் முகத்தைப் பாக்கணும்னு கடைசி நேரத்துல அதிக விலைக்கு டிக்கெட் போட்டவங்க. சாவுக்கு வர்றவங்கதான் சின்ன ஊர் ஃப்ளைட்ல அதிக காசு குடுத்து ஏறுறவங்க, கல்யாண வீட்டுக்காரங்க ரெண்டு மாசம் முன்னாடியே போட்டுருவாங்க. இப்படி நாலு தடவை கேன்சல் ஆனா ஊரு என்ன பண்ணும், மதுரைக்கு டாக்ஸி புக் பண்ணும். அப்புறம் கம்பெனிக்காரன் 'இந்த ஊர்ல டிமாண்ட் இல்ல'ன்னு எழுதிட்டு போவான்.

எனவே உங்க ஊர்ல ஏர்போர்ட் கேக்குறவங்க டெர்மினல் படத்தை ஷேர் பண்றதை விட்டுட்டு வேற வேலை பாக்கணும். வர்த்தக சங்கம், காலேஜு, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்து மாசத்துக்கு எத்தனை பேரு எந்த ஊருக்கு போறாங்க வர்றாங்கன்னு பேரோட ஊரோட எழுதி ஏர்லைன்ஸ்கிட்ட குடுக்கணும், சென்னையை மட்டும் கேக்காம அவங்க நிஜமா போற ஊரைக் கேக்கணும். ஆரம்பத்துல மாநில அரசு சீட்டுக்கு உத்தரவாதம் குடுத்தா இன்னும் நல்லது. வேலூர்ல ரன்வே 800 மீட்டர் மாதிரிதான், 19 சீட்டு வண்டிதான் இறங்கும், அந்த சைஸ் வண்டி வச்சிருக்கிற கம்பெனி நம்ம நாட்டுல தேடிப் பிடிக்கணும், அதனால கட்டி முடிச்சும் வருஷக்கணக்கா காத்துக் கெடந்துச்சு. இப்படி ஒரு ரன்வேயைப் போட்டுட்டு அப்புறம் ஃப்ளைட் தேடாதீங்க, எந்த வண்டி வரும்னு முதல்ல முடிவு பண்ணிட்டு அதுக்கு ஏத்த நிலம் கேளுங்க.

அப்புறம் இன்னொண்ணு, ஃப்ளைட் டைமுக்கு ஏத்த மாதிரி ஏர்போர்ட் வாசல்லேருந்து டவுனுக்கு ஒரு பஸ் விடச் சொல்லுங்க. 2500 ரூபாய் டிக்கெட்ல வந்து இறங்குறவன் டாக்ஸிக்கு ஆயிரம் குடுத்தா அடுத்த தடவை ட்ரெயின்லதான் வருவான்.