யூரியாவை இந்த வருஷமே நிறுத்திவிடலாமா?

கேள்வி: கல்லல் பக்கம் இரண்டு ஏக்கரில் கண்மாய்ப் பாசன நெல். உரம், மருந்துச் செலவு தாங்கவில்லை. ஒருவர் வந்து, 'முழுக்க இயற்கைக்கு மாறுங்கள். கருப்புக் கவுனி என்ற பாரம்பரிய நெல் விதை, திரவ உரம், இயற்கைச் சான்றிதழ் எல்லாம் தருகிறேன், நெல்லையும் நானே எடுத்துக்கொள்கிறேன்' என்கிறார். முன்பணம் கேட்கிறார். இறங்கலாமா?

பதில்: மாறலாம். அவரோடு வேண்டாம்.

45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. தொழு உரத்தில் அதைக் கொடுக்க ஏறக்குறைய 4 டன் வேண்டும், அதுவும் மெதுவாகத்தான் பயிருக்குக் கிடைக்கும். ரசாயனத்துக்குப் பழகிய வயலில் ஒரே போகத்தில் நிறுத்தினால் பயிர் வெளுத்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் பாட்டில் வியாபாரி வருவார். லிட்டர் பாட்டிலுக்குள் 20 கிலோ சத்து எப்படி அடங்கும் என்று கேளுங்கள். சாணம், கோமியம், வெல்லம் கலந்து ஊறவைக்கும் ஜீவாமிர்தம் வீட்டிலேயே செய்யக்கூடியது, அதற்கு எதற்குக் காசு?

அரை ஏக்கரில் தொடங்குங்கள். கோடை மழை விழுந்ததும் தக்கைப்பூண்டு அல்லது கொழிஞ்சி விதைத்து, பூவெடுக்கும்போது மடக்கி உழுங்கள், அதுவே பசுந்தாள் உரம். நம் சரளைச் செம்மண்ணில் கொழிஞ்சி வறட்சியைத் தாங்கும். மற்ற ஒன்றரை ஏக்கரில் யூரியாவைப் பிரித்துப் போட்டு, போகத்துக்குப் போகம் குறையுங்கள். யூரியா மூட்டை மானியத்தில் 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. பசுந்தாள் விதை கேட்டால் மட்டும் 'ஸ்டாக் இல்லை', பருவம் முடிந்ததும் வந்து நிற்கும்!

கவுனிக்குச் செட்டிநாட்டுப் பந்தியில் மவுசு உண்டு, சரி. ஆனால் அறுப்புக்கு வர நாள் அதிகம், உயரமாக வளர்ந்து சாயும். உங்கள் கண்மாயில் தை வரை தண்ணீர் நிற்குமா? 'நானே எடுத்துக்கொள்கிறேன்' என்றவர் அறுப்பு முடிந்ததும் ஈரம் என்பார், கலப்பு என்பார். விலை, எடுக்கும் நாள், ஈரப்பத அளவு மூன்றையும் முத்திரைத்தாளில் எழுதிக் கேளுங்கள். மறுநாள் ஆள் வரமாட்டார்.

சான்றிதழை அவர் தரவே முடியாது. நெல் போன்ற பயிருக்கு ரசாயனத்தை விட்டு இயற்கைக்கு மாறும் காலமே 2 வருஷம். குறைந்தது 5 விவசாயிகள் சேர்ந்தால் ஒருவர் வயலை ஒருவர் சரிபார்த்துச் சான்று பெறும் பிஜிஎஸ் என்ற அரசுத் திட்டத்தில் கட்டணமில்லாமல் பதியலாம்.

ஒரு விலக்கை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். வருஷ விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, சாப்பிடுகிறவருக்கே நேராக விற்றால், இயற்கை விளைபொருள் என்று சொல்ல அந்தச் சான்றிதழே தேவையில்லை. சந்தையில் உட்கார்ந்து நீங்களே விற்றாலும் பொருந்தும், வீட்டு வாசலில் விற்றாலும் பொருந்தும். காரைக்குடிக் கடைக்காரர் வாங்கி அதே பெயரில் விற்றால் பொருந்தாது. சான்று பெற்ற இயற்கை உணவுக்கான 'ஜைவிக் பாரத்' முத்திரையையும் பையில் போடக்கூடாது. இதைத் தரகர் சொல்லமாட்டார், சொன்னால் அவருக்கு வேலை ஏது?

முன்பணம் கொடுக்கும் முன் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். வயல் மண்ணோடு அந்தப் பாட்டிலையும் எடுத்துப் போங்கள்.