கமெண்டுக்குள் கமெண்ட்: முதல் */ வந்ததுமே மூடிக்கொள்வது ஏன்?

கேள்வி: சி மொழியில் சில வரிகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க, முன்னும் பின்னும் /* */ போட்டு கமெண்டாக, அதாவது கம்பைலர் (நிரலை மொழிபெயர்க்கும் மென்பொருள்) படிக்காமல் தாண்டும் பகுதியாக, மாற்றினேன். கடைசி வரியில் கம்பைலர் பிழை காட்டுகிறது. ரஸ்ட் மொழியில் இப்படிச் செய்தால் ஒன்றும் ஆவதில்லையே?

பதில்: நீங்கள் நிறுத்திய வரிகளில் ஏற்கெனவே ஒரு கமெண்ட் இருந்திருக்கும். இப்படி:

/*
அ = 1; /* தொடக்க மதிப்பு */
ஆ = 2;
*/

கமெண்டுக்குள் நுழைந்தபின் சி கம்பைலர் தேடுவது */ ஒன்றைத்தான். நடுவில் வரும் /* அதற்கு வெறும் எழுத்து. எனவே இரண்டாம் வரியிலேயே கமெண்ட் முடிந்துவிடுகிறது. ‘ஆ = 2;’ உயிரோடு இருக்கிறது; அதன்பின் தனியாக நிற்கும் */ பிழையாகிறது. அதை மட்டும் அழித்துவிட்டுப் போய்விடாதீர்கள். பிழை மறையும், ஆனால் நிறுத்தியதாக நீங்கள் நினைக்கும் வரி ஓடிக்கொண்டே இருக்கும். ஜிசிசி என்ற சி கம்பைலரில் எச்சரிக்கைகளை இயக்கி வைத்தால், உள்ளே வந்த /* எந்த வரியில் என்று சொல்லிவிடும். திருத்த வேண்டிய இடம் அதுதான்.

ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், கோ எல்லாம் சி வழிதான். ரஸ்ட், ஸ்விஃப்ட், கோட்லின், ஹாஸ்கெல் ஆகியவை ஆழத்தை எண்ணுகின்றன: திறப்புக்கு ஒன்று கூட்டி, மூடலுக்கு ஒன்று கழித்து, பூஜ்யம் வந்தால்தான் வெளியே வரும். டி மொழியில் இரண்டும் உண்டு. /* */ எண்ணாது, /+ +/ எண்ணும். தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லில் மென்பொருளைப் பொறுத்து மாறும், கவனம் தேவை: போஸ்ட்கிரெஸ் எண்ணும், மைஎஸ்கியூஎல் எண்ணாது.

எண்ணினால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. கோட்லினின் /* */ கமெண்டில் ‘படங்கள்/*’ என்று ஒரு பாதையை எழுதிப் பாருங்கள். அது புதிய கமெண்டைத் திறந்து, கோப்பின் கடைசிவரை விழுங்கிவிடும். நிறுத்திய வரிகளில் "*/" என்ற சரம் (மேற்கோள்குறிக்குள் வரும் எழுத்துத் தொடர்) இருந்தால் ரஸ்ட்டும் ஏமாறும், ஏனென்றால் கமெண்டுக்குள் அது மேற்கோள்குறியைப் பார்ப்பதில்லை. ஓகேமல் மொழி பார்க்கிறது. ஆனால் அதற்கும் விலை உண்டு: விளக்கக் குறிப்பில் இரட்டை மேற்கோள்குறி ஒன்றைத் திறந்து மூடாமல் விட்டால், சரம் முடியவில்லை என்று பிழை வரும். உள்ளே இருப்பது நிரலா உரையா என்று கம்பைலருக்குத் தெரியாது. எந்த விதி வைத்தாலும் ஏதோ ஓரிடத்தில் இடிக்கும்.

ஆகவே நிரலை நிறுத்த /* */ வேண்டாம், அதை விளக்கம் எழுத மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. வரிகளைத் தேர்ந்தெடுத்து எடிட்டரின் குறுக்குவழியால் ஒவ்வொன்றின் முன்னும் // போட்டுவிடுங்கள்; அது அந்த வரியின் முடிவுவரை மட்டும் கமெண்டாக்கும். பெரும்பாலான எடிட்டர்களில் அது கண்ட்ரோலும் / விசையும். ஒரு // மேல் இன்னொரு // வந்தாலும் எதுவும் உடையாது. நீளமான பகுதி என்றால், சியில் ‘ஹாஷ் இஃப் 0’ (#if 0), ‘ஹாஷ் எண்டிஃப்’ (#endif) இரண்டுக்கும் நடுவே வையுங்கள். கம்பைலுக்கு முன் நிரலைப் பதப்படுத்தும் ப்ரீபிராசசர் இந்த ஜோடிகளைக் கணக்கு வைத்துப் பொருத்தும். உள்ளே இருக்கும் /* */ கமெண்டுகளும் அப்படியே இருக்கலாம். பிறகு வேண்டும்போது 0-வை 1 ஆக்கினால் போதும்.