புகையானுக்கு ட்ரோன் தெளிப்பு: மேலே கம்பி, பக்கத்தில் தீவனப்புல்

கேள்வி: அணைக்கட்டு பக்கம் ஒன்றரை ஏக்கர் நெல், தொண்டைக்கதிர் பருவம், கதிர் இன்னும் வெளியே வரவில்லை. சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி விழுந்து வட்டம் வட்டமாகக் காய்கிறது. மருந்துக் கடைக்காரரே ட்ரோன் அனுப்பிப் பத்து நிமிடத்தில் அடித்துத் தருவதாகச் சொல்கிறார். கழனிக்கு மேலே கரண்டுக் கம்பி போகிறது. வரப்பை ஒட்டி மாட்டுக்கான தீவனப்புல். கம்பியில் மாட்டிக்கொள்ளுமா ஐயா?

பதில்: மாட்டும் தம்பி. மருந்து தெளிக்கும் விமானங்களையே கம்பி சாய்த்திருக்கிறது. வரப்பில் நிற்பவர் கண்ணுக்கு, தூரத்துக் கம்பி ட்ரோனுக்கு முன்னாலா பின்னாலா என்று பிடிபடாது. கம்பியடிப் பாத்திகளை விட்டுவிடச் சொல்லுங்கள்.

எனக்குப் பெரிய கவலை அந்தத் தீவனப்புல். கைத்தெளிப்பானுக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் கலக்கிற மருந்தை, ட்ரோனுக்குச் சுமார் 10 லிட்டரில் கலக்கிறார்கள். ஒவ்வொரு துளியும் 20 மடங்கு காரம். பொடித்துளி வேறு, லேசான காற்றுக்கே வரப்பைத் தாண்டும். அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் பாலைத்தான் உங்கள் வீட்டுப் பிள்ளை குடிக்கும். விடியற்காலையில் காற்றே இல்லை என்று நம்பியும் அடிக்காதீர்கள். அடுப்புப் புகை மேலே ஏறாமல் தரையோடு படிந்து நகர்கிற நேரத்தில் மருந்துப் பனியும் அப்படித்தான் நகரும். காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் அடித்த எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து, கீழே இருந்த வீட்டையும் கிணற்றையும் விடவில்லை. வான்வழியே தெளிப்பதானால் 24 மணி நேரம் முன்பே ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று 1971 பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது. உங்கள் ஊரில் யாராவது சொன்னார்களா?

மருந்து விற்கிறவரே ட்ரோனும் ஓட்டினால், 'இப்போது அடிக்க வேண்டாம்' என்ற வார்த்தை அவர் வாயில் வராது. போன பருவத்தில் ஒரு கழனியில் பார்த்தேன்: பெயிண்ட் வாளியில் மூன்று மருந்தை ஊற்றி, ஒரு பையன் வெறுங்கையால் கலக்கிக்கொண்டிருந்தான். முழங்கை வரை நனைந்திருந்தது. அப்படி ஒரு வாளியைக் கண்டால் ட்ரோனை அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

புகையான் இருப்பது தூரடியில், அதாவது நெற்குத்தின் அடியில். மேலே அடிக்கும் பனி, அடர்ந்த பயிருக்குள் அவ்வளவாக இறங்காது. தண்ணீரை வடியுங்கள், யூரியாவை நிறுத்துங்கள், எட்டடிக்கு ஓரடி பயிரை விலக்கிப் பட்டம் பிரியுங்கள். தூரைத் தட்டிப் பாருங்கள். புகையானைத் தின்னும் சிலந்தி இருந்தால் தூரின் ஒரு சிம்புக்கு (கிளைத்த தண்டுக்கு) இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். வட்டம் விழுந்த உங்கள் கழனியில் அதைத் தாண்டித்தான் இருக்கும். புகையானுக்கென்று லேபிளில் போட்ட ஒரு மருந்தை மட்டும், கைத்தெளிப்பானால் வட்டத்தின் ஓரங்களில் தூர் நனைய அடியுங்கள். சைபர்மெத்ரின் வகையைத் தொடவே வேண்டாம், புகையானை அது பெருக்கிவிடும்.

மருந்து அடிப்பதற்கு முதல் நாளே, மாட்டுக்கு நான்கு நாளைக்கான புல்லை அறுத்துக் கொட்டகையில் வையுங்கள்.