ஏர் பிஸ்டல் சிலிண்டரில் டிஜிட்டல் கேஜ்: கேள்வி பதில்

10 மீட்டர் ஏர் பிஸ்டல் சிலிண்டர்களில் பொருத்தப்படும் டிஜிட்டல் அழுத்தமானி குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்டிருந்தவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துள்ளேன்.

கேள்வி: ஐயா, என் சிலிண்டரில் முள் காட்டும் சாதாரண கேஜ்தான் இருக்கிறது. டிஜிட்டல் கேஜ் உள்ள சிலிண்டர் வாங்கினால் புள்ளிகள் கூடுமா?

கூடாது. கேஜ் காட்டுவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை. பெல்லட்டை, அதாவது சுடப்படும் சிறு ஈயக் குண்டை, தள்ளுகிற அழுத்தம் அதுவன்று. 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) வரை நிரப்பப்படும் காற்று, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் கடக்கும்போது அதைவிட மிகக் குறைந்த, மாறாத ஓர் அழுத்தத்துக்கு இறக்கப்படுகிறது. அந்தக் காற்றில் ஒரு சிறு அளவுதான், வால்வு திறக்கும் கணத்தில், ஏறத்தாழ அரை கிராம் எடையுள்ள 4.5 மி.மீ. பெல்லட்டை நொடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் வெளியேற்றுகிறது. ஆகவே சிலிண்டரில் 190 பார் இருந்தாலும் 120 பார் இருந்தாலும், ரெகுலேட்டர் ஒழுங்காக வேலை செய்யும் வரை இலக்கில் எந்த வேறுபாடும் தெரியாது. பிஸ்டலைச் சிறிது நேரம் சும்மா வைத்துவிட்டுச் சுடும்போது முதல் பெல்லட் மட்டும் வேகமாகப் போவது போன்ற ரெகுலேட்டர் கோளாறுகளையும் இந்தக் கேஜ் காட்டிக்கொடுக்காது. அதற்கு வேகம் அளக்கும் க்ரோனோகிராஃப் வேண்டும். டிஜிட்டல் கேஜின் பயன் காற்றுக் கணக்கு வைப்பதிலும், மெல்லிய கசிவைக் கண்டுபிடிப்பதிலும் இருக்கிறது. புள்ளிகள்தான் நோக்கமென்றால், அந்தப் பணத்தை உங்கள் குழலுக்குப் பொருந்தும் பெல்லட்டைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடுவதே என் பரிந்துரை.

கேள்வி: என் சிலிண்டரின் டிஜிட்டல் கேஜ் 187 என்கிறது, நிரப்பும் தொட்டியின் முள் கேஜ் 195 என்கிறது. எதை நம்புவது?

இரண்டும் தத்தம் வரம்புக்குள் சரியாகவே இருக்கக்கூடும். 300 பார் வரை அளக்கும் ஒரு முள் கேஜின் துல்லிய வகுப்பு 2.5 என்றால், அதன் பொருள் முழு அளவில் 2.5 சதவீதம், அதாவது மேலும் கீழும் 7.5 பார் வரை பிழை அனுமதிக்கப்படுகிறது என்பதாகும். அதே அளவுக்கு 1 சதவீதத் துல்லியம் கொண்ட டிஜிட்டல் கேஜில்கூட 3 பார் பிழை இருக்கலாம். திரையில் 187 என்று கடைசி இலக்கம் வரை தெரிவதால் அந்தக் கடைசி இலக்கம் உண்மையாகிவிடாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆனால் நமக்கு வேண்டியது உண்மையான அழுத்தத்தைவிட, அதே கேஜ் நேற்றும் இன்றும் ஒரே மாதிரி காட்டுகிறதா என்பதே. டிஜிட்டல் கேஜின் நல்ல உணரி இதில் முள்ளை எளிதில் வென்றுவிடும், ஏனெனில் விரல் அகல முகப்பில் பத்துப் பத்தாகக் கோடிட்டிருக்கும்போது 3 பார் இறங்கியதைக் கண்ணால் பிரித்தறிய இயலாது. சிலிண்டரை முழுமையாகக் காலி செய்ய நேரும்போதெல்லாம் திரை பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். காற்றே இல்லாதபோது 4 அல்லது 5 காட்டினால், அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற அளவுகளைப் படிக்க வேண்டும்.

கேள்வி: மாலையில் 200 பார் நிரப்பினேன், காலையில் 188. கசிகிறதா? வேறொருவர்: டெல்லியில் கோடைகாலப் போட்டியின்போது அரங்கத்துக்குள் நுழைந்ததும் அழுத்தம் குறைந்துவிட்டது, ஏன்?

இரண்டுக்கும் வெப்பநிலையே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மூடிய கலத்தில் உள்ள காற்றின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலைக்கு ஏற்ப ஏறி இறங்கும். 200 பாருக்கு அருகில், ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.7 பார் என்று கொள்ளலாம். வேகமாக நிரப்பும்போது உள்ளே நெருக்கப்படும் காற்று சூடாகிறது, சிலிண்டரைத் தொட்டாலே தெரியும். அது ஆறியதும் 10 பாருக்கு மேல் இறங்குவது இயல்பு. மெதுவாக நிரப்பி, கால் மணி நேரம் ஆறவிட்டு, பிறகு வருகிற எண்ணைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

டெல்லி கர்ணி சிங் சுடுதளத்துக்கு மே மாதத்தில் போகிறவர்கள் வெளியே 42 டிகிரியில் 190 பார் பார்த்துவிட்டு, 24 டிகிரிக்குக் குளிரூட்டப்பட்ட அரங்கில் அரை மணி கழித்துப் பார்த்தால் சுமார் 179 இருக்கும். காற்று எங்கும் போகவில்லை. இதற்கு எதிரான நிலைமைதான் ஆபத்தானது: குளிர்ந்த அறையில் 200 பார் முழுமையாக நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் சென்றால், அழுத்தம் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டிவிடும்.

கேள்வி: எத்தனை பாரில் போட்டியைத் தொடங்க வேண்டும்? எதுவரை இறங்கலாம்?

இதற்கு விடை உங்கள் பிஸ்டலிடம்தான் இருக்கிறது; டிஜிட்டல் கேஜ் உண்மையில் கைகொடுப்பதும் இங்கேதான். சிலிண்டர் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு எண்ணைக் குறித்துக்கொண்டு 50 பெல்லட்டுகள் சுடுங்கள், சற்றுப் பொறுத்து மீண்டும் குறியுங்கள். 40 பார் இறங்கியிருந்தால் ஒரு பெல்லட்டுக்கு 0.8 பார் செலவாகிறது. தகுதிச் சுற்றில் 75 நிமிடங்களில் 60 பெல்லட்டுகள். அதற்கு முன்னுள்ள 15 நிமிடத் தயாரிப்பு நேரத்தில் ஒரு 25 என்று வைத்தால் மொத்தம் 85, அதற்கு 68 பார். 190 பாரில் தொடங்கியவர் 122 பாரில் முடிப்பார்.

கீழ் எல்லையைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள். அதைவிட நம்பகமான வழி, க்ரோனோகிராஃப் முன் சுட்டுக்கொண்டே போய், வேகம் சரியத் தொடங்கும் அழுத்தத்தைக் கண்டறிந்து, அதற்கு மேல் 15 பார் இடைவெளி விட்டு உங்கள் எல்லையை வகுத்துக்கொள்வது. அது 90 என்று வைத்துக்கொண்டால், மேற்சொன்னவர் 24 பெல்லட்டுகள் கொண்ட இறுதிச் சுற்றையும் அதே காற்றில் கணக்குப்படி முடித்துவிடலாம். ஆயினும் எட்டுப் பேரில் ஒருவராக நிற்கும் வேளையில் இந்தக் கணக்கை மனத்தில் சுமக்கத் தேவையில்லை. மாற்றுச் சிலிண்டரைப் பொருத்திக்கொண்டு போங்கள். தொட்டியிலேயே 170 பார்தான் இருக்கிறது என்று கவலைப்படுகிறவர்களுக்கும் இதே கணக்கு ஆறுதல் தரும், தகுதிச் சுற்றுக்கு அது தாராளம்.

கேள்வி: கசிவுதான் என்று எப்படி உறுதி செய்வது? தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கலாமா?

ஒரே அறையில், ஒரே நேரத்தில், இரண்டு மூன்று நாள்கள் அடுத்தடுத்து எண்ணைக் குறியுங்கள். வெப்பநிலை மாறாமலே எண் இறங்கிக்கொண்டு வந்தால் கசிவுதான். முள் கேஜ் சிலிண்டரை முழுவதுமாகத் தண்ணீரில் போட்டுக் குமிழி பார்ப்பது பழைய வழக்கம். டிஜிட்டல் கேஜ் உள்ளதை அப்படி அமிழ்த்தக் கூடாது. வால்வு முனையில் சோப்பு நுரை தடவினால் போதும். பெரும்பாலும் குற்றவாளி ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) அல்லது வால்வில் ஒட்டிய தூசி.

கேள்வி: பேட்டரியை நானே மாற்றலாமா? முள் கேஜைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் பொருத்தலாமா?

பேட்டரிக்குத் தனி மூடி இருந்து, கையேடும் அனுமதித்தால் மாற்றலாம். ஆனால் கேஜின் உடலையே திருகிக் கழற்றுவது முற்றிலும் வேறு செயல்: உள்ளே அழுத்தம் இருக்கையில் மரை விட்டுக்கொடுத்தால் அந்தக் கேஜ் ஒரு குண்டாகப் பாயும். புதிய கேஜ் பொருத்துவதை, மரையும் சீலும் அழுத்த வரம்பும் தெரிந்த தயாரிப்பாளரின் சேவை மையத்திடமே விடுங்கள். பேட்டரி தீர்ந்துபோனால் பிஸ்டல் நின்றுவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். திரை இருண்டாலும் காற்று வழக்கம்போல் வேலை செய்யும்.

கேள்வி: போட்டி விதிகள் இதை அனுமதிக்கின்றனவா?

அழுத்தத்தை மட்டும் காட்டும் கேஜுக்குத் தடை இல்லை. பிஸ்டலின் மொத்த எடை 1500 கிராமுக்குள்ளும், அளவு 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள்ளும் அடங்க வேண்டும். கேஜும் இதில் சேரும். கேஜைவிட முக்கியமானது சிலிண்டரின் வயது. அதிகபட்சம் பத்து ஆண்டுகள் என்ற செல்லுபடிக் காலத்துக்குள் அது இருக்கிறதா என்று பார்ப்பது வீரரின் பொறுப்பு என்று சர்வதேச விதி சொல்கிறது. பழைய சிலிண்டருக்குப் புதுக் கேஜ் போடுவது வீண்செலவு.

கேள்வி: வெல்டிங் கடையில் கிடைக்கும் ஆக்சிஜனை நிரப்பலாமா?

ஒருபோதும் கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜன் எண்ணெய்ப் பசையைத் தொட்டால் வெடிக்கும். உலர்ந்த, தூய காற்று மட்டுமே.

கேள்வி: விமானத்தில் கொண்டுசெல்லும்போது கேஜ் பூஜ்யம் காட்டினால் போதுமா?

போதாது. கேஜின் அளவுப் பிழைக்குள் ஓரிரு பார் மிஞ்சியிருக்கலாம். காற்றை வெளியேற்றும் கருவியைச் சிலிண்டரில் திருகி, சீறல் ஒலி முழுவதும் அடங்கும் வரை விட்டு, சில நிமிடங்கள் கழித்து மறுமுறை திருகிப் பாருங்கள். அப்போதும் ஒலி வரவில்லை என்றால்தான் காலி. விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள், ஏனெனில் சில நிறுவனங்கள் காலிச் சிலிண்டரையும் மறுக்கின்றன. போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பும் முன், திரையின் அலகு பாரா, பி.எஸ்.ஐ.யா என்று ஒருமுறை பாருங்கள்: 2000 பி.எஸ்.ஐ. என்பது சுமார் 138 பார்தான்.