அப்பாவின் பித்தப்பை அழற்சி: குழாயா, ஆபரேஷனா?

அப்பாவுக்கு 79 வயசு, சர்க்கரை, இதயத்தில் பழைய ஸ்டென்ட். அதனால் பித்தப்பையை எடுக்காமல் குழாய் போட்டு வடிக்கலாம் என்கிறார்கள், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். வயசு மட்டும்தான் காரணமென்றால் இன்னொரு சர்ஜனையும் உடனே பார்த்துவிடுங்கள்.

நெதர்லாந்தில் இதே கேள்விக்காக நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. ரிஸ்க் அதிகமுள்ள 142 பேர். ஒரு பிரிவுக்கு லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளைகள் வழியாகப் பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷன்), இன்னொன்றுக்குக் குழாய். பெரிய சிக்கல்கள் ஆபரேஷனில் 12%, குழாயில் 65%. இறப்பில் தெளிவான வித்தியாசமில்லை. குழாய் சீழை வடிக்கும், அழற்சிக்குக் காரணமான பித்தக்கல் உள்ளேயே கிடக்கும். வலி திரும்பி வராமல் என்ன செய்யும்?

ஆனால் ஐசியூவில் மோசமாக இருந்தவர்களை அதில் சேர்க்கவில்லை. பிபி இறங்கி, மயக்க மருந்தே தாங்காது என்ற நிலையென்றால் குழாய்க்குத் தயங்காதீர்கள்.

மயக்க மருந்து டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்தாச்சா, இதயம் தாங்குமா? ஸ்டென்ட்டுக்காகப் போடும் மாத்திரைகளின் பெயரையும் சொல்லிவிடுங்கள். வலி தொடங்கி ஒரு வாரம் தாண்டினால் உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டு ஆபரேஷன் கஷ்டமாகும், அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

குழாய்தான் என்று முடிவானால், அது வாரக்கணக்கில் இருக்கும். குழாயோடு வெளியே இருக்கும் பை எப்போதும் வயிற்றுக்குக் கீழேயே தொங்கணும். தூக்கத்தில் அப்பா குழாயை இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பித்தப்பையை எப்போது எடுப்பார்கள் என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு வையுங்கள்.