லோ பிரஷர் பயமும் நிறுத்தக்கூடாத மாத்திரைகளும்

வாசகர் கேள்வி:

எனக்கு 69 வயது. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, மன்னார்குடியில் தனியாக வசிக்கிறேன். பத்து ஆண்டுகளாக ரத்தக்கொதிப்பு உண்டு. சென்ற ஆண்டு படபடப்புக்காக ஈ.சி.ஜி. எடுத்தபோது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொன்னார்கள். எக்கோவில் வால்வுகளில் கோளாறு இல்லை, பம்ப் செய்யும் திறனும் நன்றாக இருக்கிறது என்றார்கள். காலையில் மெட்டோப்ரோலால் 50, காலையும் இரவும் அபிக்சபான் 5, இரவில் டெல்மிசார்டன் 40 உடன் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டு பி.பி. மெஷின் சில நேரம் 94 என்றும் சில நேரம் 121 என்றும் காட்டுகிறது. விடியற்காலையில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. தூக்கத்தில் பிரஷர் இறங்கி இதயம் நின்றுவிடுமோ என்று பயந்து நடு இரவிலும் எழுந்து அளக்கிறேன். 100க்குக் கீழே காட்டினால் அன்றைக்கு எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடுகிறேன். பக்கத்து வீட்டில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு குடிக்கச் சொல்கிறார்கள். நான் செய்வது சரிதானா? பி.பி. குறித்து வைக்கும் நோட்டின் பக்கங்களை நகலெடுத்து அனுப்பியுள்ளேன்.

பதில்:

அம்மா, தங்கள் கடிதத்தைவிட அந்த நோட்டுப் பக்கங்கள் எனக்கு அதிகம் சொல்லின. தேதி, நேரம், மேல் எண், கீழ் எண், நாடித்துடிப்பு என்று கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். பல ஆண்டுகள் வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கை என்பது பார்த்தவுடன் தெரிகிறது. தங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி அதிலேயே இருப்பதால், அதை வைத்தே பேசுகிறேன்.

முதல் பக்கத்தில் ஒரே நாள் காலையில் மூன்று அளவுகள் இருக்கின்றன: 6.10 மணிக்கு 94/62, 6.12க்கு 121/70, 6.15க்கு 103/84. இதைப் பார்த்துத்தான் ஐந்து நிமிடத்தில் பிரஷர் இப்படி ஏறி இறங்குகிறதே என்று பதறியிருக்கிறீர்கள். சீரான தாளத்தில் துடிக்கும் இதயமாக இருந்தால் அந்தப் பதற்றத்துக்குக் காரணம் உண்டு. தங்களுக்கு இருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் நடப்பது வேறு. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல், நிமிடத்துக்கு 350 முதல் 600 வரையிலான மின் அலைகளால் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த அலைகளில் ஒரு பகுதி மட்டும், அதுவும் எந்த ஒழுங்கும் இல்லாமல், கீழறைகளுக்கு இறங்கி வருகிறது. ஆகவே இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. இடைவெளி நீண்டால் கீழறையில் ரத்தம் நன்றாக நிரம்பி அடுத்த துடிப்பு பலமாக விழும். இடைவெளி குறுகினால் அறை பாதி நிரம்பியிருக்கும்போதே சுருங்குவதால் அந்தத் துடிப்பு மெலிந்துவிடும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு ரத்த அழுத்தம் என்பதுதான் இந்த நோயின் இயல்பு.

வீட்டு மெஷினோ, கைப்பட்டையில் காற்று இறங்கும்போது ரத்தக் குழாயில் உண்டாகும் அதிர்வுகளை அடுத்தடுத்த துடிப்புகளில் உணர்ந்து, அவை சீராக வருகின்றன என்ற அனுமானத்தில் கணக்குப் போட்டு எண்ணைத் தருகிறது. அந்தச் சில விநாடிகளில் மெலிந்த துடிப்புகள் மாட்டினால் 94, பலமானவை மாட்டினால் 121. மெஷின் பழுதும் இல்லை, தங்கள் பிரஷர் ஊஞ்சல் ஆடவும் இல்லை. இந்த நோய் உள்ளவர்கள் ஒரே ஒரு முறை அளந்து அந்த எண்ணை நம்பக்கூடாது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் மூன்று முறை அளந்து சராசரியை எடுக்க வேண்டும். தங்களின் அந்த மூன்று எண்களையும் கூட்டி வகுத்தால் 106/72 வருகிறது. 69 வயதில், மூன்று விதமான மருந்துகள் சாப்பிடும் ஒருவருக்கு இது பயப்படும் எண் அல்ல. பொதுவாக 90/60க்குக் கீழே போவதைத்தான் குறைந்த ரத்த அழுத்தம் என்கிறோம். அதையும் அறிகுறி இருக்கிறதா இல்லையா என்பதோடு சேர்த்துத்தான் மதிப்பிடுகிறோம்.

இனி நோட்டின் மூன்றாம் பக்கம். அங்கே ஒரு செவ்வாய்க்கிழமை '98, மாத்திரை போடவில்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறீர்கள். புதன் அன்றும் போடவில்லை. வியாழக்கிழமை காலையில் நாடித்துடிப்பு 128, பிரஷர் 96/64, 'மூச்சு வாங்குகிறது, மிகவும் சோர்வு' என்று இருக்கிறது. இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தியும் பிரஷர் ஏறவில்லையே, ஏன் என்று யோசித்தீர்களா? மெட்டோப்ரோலால் இதயத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கடிவாளம். அதைத் திடீரென விட்டால் இதயம் தறிகெட்டு ஓடும். ஓடும் இதயத்தில் கீழறை நிரம்புவதற்கு நேரம் கிடைக்காது. நிரம்பாத அறை எவ்வளவு வேகமாக அடித்தாலும் வெளியே போகும் ரத்தம் குறைவுதான். சீரான இதயத்தில் மேலறைகள் கடைசியாக ஒரு முறை சுருங்கி, கீழறை நிரம்புவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளிக் கொடுக்கும். தங்களுக்கு அந்த உதவியும் இல்லாததால், நிரம்பும் நேரத்தின் அருமை இன்னும் அதிகம். ஆக, பிரஷர் குறைகிறது என்று அஞ்சி நிறுத்திய மாத்திரையே, நிறுத்தப்பட்டதால் பிரஷரைக் குறைத்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் அதே வட்டத்தில் சுற்றியவர்கள் பலரை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்; அவர்களில் படித்தவர்களே அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதைவிட என்னைக் கவலைப்பட வைத்தது, அந்த இரண்டு நாட்களிலும் அபிக்சபானையும் சேர்த்து நிறுத்தியது. அது பிரஷர் மாத்திரை அல்ல, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. ரத்த அழுத்தத்தை ஒரு புள்ளிகூடக் குறைக்காது. மேலறை நடுங்கிக்கொண்டே இருப்பதால் இடது மேலறையின் ஓரத்தில் உள்ள சிறு பை போன்ற இடுக்கில் ரத்தம் தேங்கி உறையக்கூடும். அந்தக் கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் பக்கவாத ஆபத்தை ஏறக்குறைய ஐந்து மடங்காக்குகிறது என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் ஆய்வில் தெரிந்த செய்தி. தங்கள் வயதும் ரத்தக்கொதிப்பும் அந்தக் கணக்கில் கூடுதலாகச் சேர்கின்றன. அபிக்சபானின் பாதி வீரியம் சுமார் 12 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால்தான் இரண்டு வேளை. இரண்டு நாள் விட்டால் பாதுகாப்பே இல்லை என்று பொருள். மெஷின் என்ன எண் காட்டினாலும், காட்டாவிட்டாலும், அந்த மாத்திரையைத் தாங்களாக விடக்கூடாது. 'பதிலுக்கு ஆஸ்பிரின் போட்டுக்கொள்கிறேன்' என்று சிலர் சொல்வார்கள். இந்த வேலையை ஆஸ்பிரின் செய்யாது.

ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, ரத்தமாகப் போனாலோ, அதோடு பிரஷர் குறைந்து வியர்த்துத் தலை சுற்றினாலோ, உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம். அப்போது அடுத்த வேளை மாத்திரையைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து யோசிக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது கோலத்துக்கு வருவோம். கண் இருட்டுவது கற்பனை அல்ல, அதை நான் தள்ளிவிடவும் இல்லை. நோட்டில் 'கிறுகிறுப்பு' என்று குறித்த ஒன்பது இடங்களில் ஏழு, விடியற்காலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில் உள்ளவை. மீதி இரண்டும் ஏகாதசிக்கு மறுநாள். படுக்கையிலிருந்து எழுந்து, வெறும் வயிற்றோடு வாசல் தெளித்து, குனிந்து புள்ளி வைத்து, சட்டென்று நிமிர்கிறீர்கள். குனிந்து நிமிரும்போது ரத்தம் கால்களில் இறங்கித் தேங்கும். இளம் வயதில் ரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி அதைச் சமாளிக்கும். வயதும் பிரஷர் மாத்திரைகளும் சேர்ந்தால் அந்தச் சமாளிப்பு தாமதமாகும். படுத்திருந்து எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதற்கு நிற்கும்போது இறங்கும் ரத்த அழுத்தம் என்று பெயர். தாங்கள் உட்கார்ந்தபடியே அளந்திருப்பதால் நோட்டில் அது சிக்கவில்லை. யாராவது வீட்டுக்கு வரும்போது, ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு அளவு, நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாம் நிமிடத்தில் ஒன்று என எடுத்துப் பாருங்கள். துணைக்கு ஆள் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

என் சந்தேகம் இரவு மாத்திரையின் மேல்தான். அதில் உள்ள ஹைட்ரோகுளோரோதயசைடு, சிறுநீரைப் பெருக்கி உப்பையும் நீரையும் வெளியேற்றும் மருந்து. இரவில் போட்டால் இரண்டு மூன்று முறை எழ வைக்கும். விடியும்போது உடலில் நீர் குறைந்திருக்கும். தஞ்சை வட்டார வெயிலில் வியர்வையும் சேரும். ஏகாதசியன்று தண்ணீரும் குறைவாகக் குடித்து, மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டால் மறுநாள் காலை என்ன ஆகும் என்பதற்குத் தங்கள் நோட்டே சாட்சி. இந்த மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா, நீர் பிரியும் பகுதி இல்லாத டெல்மிசார்டன் மட்டும் போதுமா, அளவைக் குறைக்கலாமா என்பதைத் தங்கள் மருத்துவரிடம் நேரில் கேளுங்கள். அங்கே போகும்போது ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின், ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இதயத் துடிப்பு நடுநடுவே சில விநாடிகள் நின்று தொடர்கிறதா என்பதை அறிய 24 மணி நேர ஹோல்ட்டர் பதிவு தேவையா என்பதையும் அவர் முடிவு செய்வார். உபவாசத்தை விடச் சொல்லும் உரிமை எனக்கில்லை. தண்ணீரும் மோரும் பாலும் பழமும் எடுத்துக்கொள்ளும் உபவாசமாக இருக்கட்டும் என்று மட்டும் சொல்வேன்.

அதுவரை, விழித்தவுடன் எழாதீர்கள். படுத்தபடியே பாதங்களை மேலும் கீழும் பத்துப் பன்னிரண்டு முறை அசையுங்கள். கட்டிலின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்காருங்கள். ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்திருங்கள். கோலத்தைக் குனிந்து போடாமல் ஒரு முக்காலியில் உட்கார்ந்து போடுங்கள். எழும்போது திண்ணையையோ கம்பியையோ பிடித்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர் கீழே விழுந்து தலையில் அடிபடுவதுதான், 98 என்ற எண்ணைவிட நான் அஞ்சும் விஷயம். விழுந்து தலையில் அடிபட்டால், வீக்கம் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனையில் காட்ட வேண்டும்.

எலுமிச்சைச் சாறு தாராளமாகக் குடியுங்கள். அதில் உப்பை அள்ளிப் போடாதீர்கள். தங்களுக்கு அடிப்படையில் இருப்பது ரத்தக்கொதிப்பு. உப்பு அதை ஏற்றும். எக்கோ நன்றாக இருப்பதால் ஒரு நாள் குடித்திருந்தாலும் கெடுதல் செய்திருக்காது. ஆனால் இதே நோயோடு இதயம் பலவீனமானவர்களும் உண்டு. அவர்கள் பக்கத்து வீட்டு வைத்தியத்தைக் கேட்டு உப்புத் தண்ணீர் குடித்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகள் பொருந்தாது, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்துச் சாப்பிடும் வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால்தான் என்பதால், இந்தப் பதிலைப் பார்த்து மருந்தை மாற்றக் கேட்க வேண்டாம்.

நாடித்துடிப்பைப் பொறுத்தவரை, மெஷின் காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மெலிந்த துடிப்புகளை அது தவறவிடும். மணிக்கட்டில் விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் தங்களுக்கு உதவாது. ஓய்வாக இருக்கும்போது 110க்குள் இருந்தால் பெரும்பாலும் போதுமானது. நெதர்லாந்தில் 614 நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், துடிப்பை 80க்குள் இறுக்கிப் பிடித்தவர்களைவிட 110க்குள் வைத்தவர்கள் எந்த வகையிலும் பின்தங்கிவிடவில்லை. 75, 88, 92 என்று தாங்கள் குறித்திருப்பவை எல்லாம் நல்ல எண்கள்.

நடு இரவில் அளப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தூங்கும்போது பொதுவாகப் பிரஷர் இறங்கும்; அது உடலின் ஓய்வு. மேல் எண் 100 என்று இருப்பதால் இதயம் தூக்கத்தில் நின்றுவிடுவதில்லை. ஒரே நாளில் பதினோரு முறை அளந்த பக்கமும் தங்கள் நோட்டில் இருக்கிறது. பதினோராவது முறை அளக்கும் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும்; அந்த எண்ணை வைத்து நான் எந்த முடிவும் எடுக்க மாட்டேன். காலையில் மாத்திரைக்கு முன்னால் மூன்று முறை, மாலையில் மூன்று முறை; மருத்துவரைப் பார்க்கும் வரை ஒரு வாரத்துக்கு இது போதும். தலை சுற்றினால் மட்டும் கூடுதலாக ஒரு முறை.

மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மேல் எண்ணின் சராசரி 90க்குக் கீழே இறங்கி உடம்பு சில்லிட்டாலோ, துடிப்பு 50க்குக் கீழே போய்த் தலை சுற்றினாலோ, ஓய்விலும் 120க்கு மேலேயே நின்றாலோ காத்திருக்கக் கூடாது. வாய் ஒரு பக்கம் கோணினாலும், கை தளர்ந்தாலும், பேச்சு குழறினாலும் உடனே 108ஐ அழையுங்கள். தனியாக வசிப்பதால், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை, குறிப்பாக அபிக்சபானையும் அதைக் கடைசியாகப் போட்ட நேரத்தையும், ஒரு தாளில் எழுதிக் கதவுக்கு அருகில் ஒட்டி வையுங்கள். பக்கவாத சிகிச்சை செய்பவர்கள் அதைக் கட்டாயம் கேட்பார்கள்.

நோட்டில் இரண்டு பத்திகளை மட்டும் கூடுதலாகச் சேருங்கள்: அளந்தபோது படுத்திருந்தீர்களா, உட்கார்ந்திருந்தீர்களா, நின்றீர்களா என்பது ஒன்று, அன்றைய மாத்திரைகளை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பது மற்றொன்று. அந்த ஒரு வாரப் பக்கத்தோடு, முன்பு மாத்திரை விட்ட செவ்வாய், புதன் பக்கத்தையும் மறைக்காமல் தங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.